பூசை மணிக்கு முன் எழும்ப வேண்டியவன்

குண்டசாலையில் ஒரு வீடு எடுத்து ஐந்து வெள்ளைக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். கண்டியில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர்கள். அவர்களுக்கு நான் வேன் ஓட்டுகிறேன். போன டிசம்பரில் ஒரு மாலை கேட்டருகே வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தால், முற்றத்தில் மரவாளால் சண்டை. கோட்டு முழுக்கப் பேப்பர் துண்டுகளும் துணிக் கிழிசல்களும் தைத்திருந்தார்கள். முகமே தெரியவில்லை. ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தான். டாக்டர் வந்து போத்தலை வாயில் சாய்த்ததும் செத்தவன் எழும்பினான். அவர்கள் ஊரில் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் நாட்களில் தெருவில் ஆடுகிற கூத்தாம்.

எனக்குப் புல்லரித்தது. மாசி மாதம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தெருவில் ஆடுகிற காமன் கூத்தும் இதுதானே. சிவன் எரிப்பார், காமன் விழுவான், ரதி அழுவாள், மூன்றாம் நாள் காமன் எழும்புவான். ரதி நான்தான். சேலை கட்டிக் கொண்டை வைத்து வருஷா வருஷம் ஆடுகிறேன். "எங்க தெருவுல வந்து ஆடுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

புசல்லாவைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே கோயில் தலைவர் என் மனைவியின் அண்ணன். ஒத்துக்கொள்வாரா அவர்?

"மார்கழி மாசம் கோயிலுக்கு முன்னுக்கு ஒருத்தன் செத்து விழுவானா? ஒனக்கு மூளை இருக்கா?"

"விழுந்தவன் ஒடனே எந்திரிச்சிருவான் மச்சான்."

"ஆறு மணிக்குப் பூச மணி அடிப்பேன். அப்ப அவன் பொணமா கெடந்தான்னு வையி, மாசிக்கு நீ ரதி கெடையாது. வேற ஆளப் போட்டுருவேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். அந்த வேஷத்தை விட்டால் அந்தத் தெருவில் எனக்கென்று ஒன்றும் இல்லை. தோட்ட வேலையை விட்டு வேன் ஓட்டப் போனதோடு லயத்து வீடும் போய்விட்டது. "சரி, பாப்போம்" என்று வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தெரு நிரம்பி வழிந்தது. கூரைமேல் எல்லாம் பிள்ளைகள். விருந்தாளிகளை வரவேற்கத் தப்பு மேளத்தோடு வந்திருந்த சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் ஒருவன் தும்புத்தடியால் தெருவைக் கூட்டி இடம் பிடித்தான். அவர்கள் வழக்கம் அப்படி.

"நல்லாக் கூட்டு தம்பி, அப்புடியே சாக்கடக் கானையும் கழுவிட்டுப் போ" என்றாள் ஒரு கொழுந்துக்காரி. தெரு சிரித்தது.

பிறகு வாள்கள் மோதின. ஒருவன் சிவப்புத் துணிக்காரன், மற்றவன் பேப்பர்காரன். பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் ஆளுக்கொரு கட்சி எடுத்துவிட்டார்கள். "காலப் பாரு, காலப் பாரு" என்று என் பக்கத்தில் நின்றவர் பேப்பர்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேப்பர்காரன் சுழன்று, தள்ளாடி, தொப்பென்று விழுந்தான்.

டாக்டர் ஒரு பருத்த அம்மா. திடீரென்று ஓடி வர வேண்டும் என்று கீழ் வளைவில் மறைந்து நின்றார். தும்புத்தடிக்காரன் விசில் ஊதினால் அவர் வருவார். அவன் ஊதினான். ஆனால் அதற்குள் சித்தப்பாவின் கை தப்பில் விழுந்துவிட்டது. கூத்தில் காமன் விழுந்ததும் அடிக்கிற அதே அடி. மலையே அதிர்ந்தது. விசில் யாருக்குக் கேட்கும்?

"நிப்பாட்டுங்க சித்தப்பா."

"ரதி வாயத் தொறக்காம எப்புடிடா நிப்பாட்டுறது? வழக்கம் தெரியாதா ஒனக்கு?"

நல்ல வழக்கம். கோயில் வாசலில் மச்சான் ஒரு கையில் போனும் மறு கையில் மணிக் கயிறுமாக நின்றார். போனைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை. பக்கத்தில் நின்ற கொழுந்துக்காரியின் தலைத்துண்டைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு, காற்சட்டையோடு ஓடிப்போய்ப் பேப்பர்காரனின் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைத்தேன்.

தப்பு டக்கென்று நின்றது. அடுத்த நிமிஷம் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கினார்கள். இந்தச் சத்தம் அதைவிட மோசம். தும்புத்தடிக்காரன் விசிலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்தவன் மெதுவாக, "டாக்டர் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

நான் ராகத்தை விடாமலே பாடினேன். "வருவாடா டாக்டரு, அசையாம படு ராசா, விசிலு, விசிலு, விசில ஊதச் சொல்லு ராசா." பெண்கள் அழுகையை மறந்து சிரித்தார்கள். அந்த இடைவெளியில்தான் மடையன் விசிலை ஊதினான்.

டாக்டரம்மா மூச்சு வாங்க மேடேறி வந்தார். தொப்பி வழியிலேயே விழுந்துவிட்டது. வந்ததும் தான் போன நாடுகளையும் தீர்த்த வியாதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அது கூத்தில் அவர் பேச வேண்டிய பாடம். லயத்து ரேடியோ ஒன்றில் ஆறு மணிச் செய்தி தொடங்கிவிட்டது.

"மேடம், மருந்து முதல். கதை பிறகு" என்று இங்கிலீஷில் கத்தினேன். தெருவே சேர்ந்து, "ஊத்து, ஊத்து" என்றது. அவர் பயந்துபோய்ப் போத்தலை முழுதாகக் கவிழ்த்தார். பேப்பர்காரன் இருமிக்கொண்டு, மூக்கில் இஞ்சிச் சோடா ஒழுக, எழும்பி நின்றான். தெரு கத்திய கத்தில் எனக்குக் காது அடைத்தது. அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மணி கேட்டது. ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டும் வந்துவிட்டிருந்தது.

தலைத்துண்டோடு கோயில் வாசலுக்குப் போனேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணியை இழுத்துக்கொண்டே சொன்னார்.

"மாசிக்கு அந்த டாக்டரம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. நம்ம காமன் எந்திரிக்க மூணு நாளாகுது."

"அப்ப ரதி?"

"ரதிக்குக் காச்சட்ட வேணாம். ஒழுங்கா சேலையக் கட்டிக்கிட்டு வா."