போலீஸ்காரரைக் கேள்வி கேட்கிறவன்

போலீஸ்காரர் நம்மைக் கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் விசாரணை. நாம் போலீஸ்காரரைக் கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் திமிர். எனக்கோ அதுதான் உத்தியோகம். பொதுமக்கள் போலீஸ் மீது கொடுக்கும் புகார்களை விசாரித்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கேமரன் மலைக்கு ஓராண்டு மாற்றல். மனைவிக்குக் கிள்ளானில் பள்ளிக்கூட வேலை, எனக்கு மலைமேல் தானா ராத்தா என்ற ஊரில் ஒற்றை அறை. கணக்குத் தணிக்கை, சுகாதார இன்ஸ்பெக்டர், பரீட்சை மேற்பார்வை என்று யாருக்கும் பிடிக்காத வேலை பார்க்கும் அன்பர்களே, இதைப் படித்து மற்றவர்கள் சிரிக்கலாம். நீங்கள் தலையைத்தான் ஆட்டுவீர்கள்.

ஏழு நாள் முன்னறிவிப்பு

சரோஜா தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் தூள் பொட்டலம் கட்டுகிறவர். அவர் கணவர் கியா பார்மிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒரு ஜீப் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மனிதர் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்றைக்கே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய்ப் புகார் எழுதச் சொன்னதாகவும், அங்கிருந்த சார்ஜன் மணியம் "நாளைக்கு வா" என்று மூன்று நாள் திருப்பி அனுப்பியதாகவும் சரோஜா சொன்னார். நிலையத்துப் பதிவில் அவர் வந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. நாலாம் நாள்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் ஜீப் மலையிறங்கி எங்கேயோ போய்விட்டது. வந்தாரா, வரவில்லையா? நான் கண்டுபிடிக்க வேண்டியது அவ்வளவுதான். வரவில்லை என்று முடிவானால் சரோஜா பொய்க்காரி.

போலீஸ்காரரைத் திடீரென்று கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, ஏழு நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. காலையில் சார்ஜனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மத்தியானம் வழக்கமான கடையில் இலை போட்டு உட்கார்ந்தபோது, பக்கத்து மேசையில் பாதிச் சோற்றோடு இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் எழுந்து போனார்கள். அடுத்த நாள் நான் நுழைந்ததுமே மூன்று மேசை காலி. மூன்றாம் நாள் கடைக்கார அண்ணன் என்னை வாசலிலேயே மறித்தார். கையில் எனக்கென்று முன்கூட்டியே கட்டிய பொட்டலம் இருந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க லா. இனிமே புங்குஸ் கட்டி வாங்கிட்டுப் போயிருங்க, ரூம்ல நிம்மதியா சாப்பிடலாம்."

எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது

இரு தரப்பிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. அதன் நடுவே போகிற இடமெல்லாம் "டீ வேணாம்" என்று சொல்லித் திரிகிற ஒரே பிறவி நான்.

சரோஜாவிடம் வாக்குமூலம் வாங்க லயத்து வீட்டுக்குப் போனேன். பேசப் பேச அழுதார், அழுதுகொண்டே உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு வந்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். விதி, நடுநிலைமை, பாரபட்சம் என்று என் வாயில் வந்ததெல்லாம் எனக்கே கேவலமாகப் பட்டது. அவர் தம்ளரை என் முன்னாலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "அந்தக் காலத்துல தோட்டத்துக் கணக்கெழுதின கிராணியும் எங்க வீட்டுல குடிக்க மாட்டாராம், சார். அவருக்கு இவ்ளோ காரணம் சொல்லத் தெரியாது."

துணைக்கு வருகிறவர் வாய் திறக்கக் கூடாது

விசாரிக்கப்படும் அதிகாரி ஒரு நண்பரைத் துணைக்கு அழைத்து வரலாம். ஆனால் நண்பர் பதில் சொல்லக் கூடாது. மணியம் சார்ஜன் ஒரு மலாய்க்காரக் கார்ப்பரலைக் கூட்டிவந்தார். நல்ல மனிதர், உடல் முழுக்க விசுவாசம். "அந்தப் பெண் முதல் நாள் வந்தாரா?" என்று கேட்டேன். சார்ஜன் யோசிக்குமுன் கார்ப்பரலின் தலை இடமும் வலமும் ஆடியது. இரண்டாம் நாள் பற்றிக் கேட்டேன், மறுபடி ஆடியது. தலையும் பேசக் கூடாது என்று பணிவாகச் சொன்னேன். கார்ப்பரல் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு மலாயில் சொன்னார்: "மன்னிக்கணும் துவான், மலைக்குளிருக்குக் கழுத்துப் பிடிச்சிருக்கு."

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும்

கேள்வி கேட்டபின் நாம் பேசக் கூடாது. பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது, அதட்டக் கூடாது, உதவக் கூடாது. மௌனம் கனத்தால் மனிதன் தானாகப் பேசுவான் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். "மூன்று நாளும் அவர் வரவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சார்ஜனும் சும்மா இருந்தார். வெளியே ஒரு காய்கறி லோரி திணறித் திணறி மேடேறிப் போயிற்று. கார்ப்பரல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தொண்டை வறண்டது, காதுக்குப் பின்னால் வியர்த்தது. கடைசியில் சார்ஜன், பாவம் பார்த்துத்தான், தமிழில் பேசினார்: "இதே வித்தைய நான் இருபது வருஷமா திருடனுங்ககிட்ட செய்யறேன், சார். நீங்க மொதல்ல தண்ணி குடிங்க."

எழுதியதை வாசித்துக் காட்டவும்

வாக்குமூலத்தை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, பிறகுதான் கையெழுத்து. "அந்தப் பெண் அந்த மூன்று நாட்களில் வரவில்லை" என்று வாசித்தேன். சார்ஜன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடக் குனிந்தார். பேனா நின்றது. மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அந்த நிமிடம் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. சரோஜா வந்திருக்கிறார். இந்த மனிதருக்குப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடத் துணிச்சல் இல்லை. இன்னொரு முறை உட்காரவைத்துக் கேட்டால் உண்மை வந்துவிடும். எனக்குச் சந்தோஷம், அதைக் காட்டிக்கொள்ள விதியில் இடமில்லை. சார்ஜன் ஜன்னலிலிருந்து திரும்பினார்: "வரலன்னு போட்டா ரொம்ப உறுதியா இருக்கு, சார். ஞாபகம் இல்லன்னு மாத்திருங்க."

சம்பந்தப்பட்டவர் வண்டியில் ஏறக் கூடாது

அந்த வாரம் விடாத மழை. என் காரின் கிளட்ச் எரிந்து வண்டி ஈப்போவில் கிடந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நின்றேன். மண் சரிந்து பாதை பாதி அடைபட்டிருந்ததால் பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் நனைந்திருப்பேன். ஒரு கார் நின்றது, கண்ணாடி இறங்கியது. மணியம் சார்ஜன், சீருடை இல்லாமல். "ஏறுங்க சார், காய்ச்சல் வந்துரும்."

ஏறினேன். மழையைக் காரணம் சொல்லலாம், ஆனால் உங்களிடம் எதற்குப் பொய்? பொட்டலச் சோறு பிரித்துச் சுவரைப் பார்த்துத் தின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மனைவியிடம் போனில் பேசினால் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது, வேறு சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சார்ஜன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லெம்பா பெர்த்தாமில் மச்சான் போட்ட தக்காளி அழுகிப்போனது, மகள் கல்யாணத்துக்குச் சம்மதிக்காதது, முழங்கால் வலி என்று தமிழில் பேசிக்கொண்டே வந்தார். நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். தோட்டத்து முச்சந்தியில் வேகத்தடைக்காகக் கார் மெதுவானது. பஸ் நிறுத்தத்தில் குடையோடு சரோஜா நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றடி தூரம். என் பல்லெல்லாம் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன் சரோஜா வாசலில் நின்றார். கோபம் இல்லை, அழுகை இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார், வெறும் தாள். "நான் பாலாய்க்குப் போகவே இல்லன்னு எழுதிருங்க சார், கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

விசாரிப்பவர் தவறினால்

நான் எழுதவில்லை. புகாரைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு, எழுதிக்கொடுத்தால் கோப்பு மூடிவிடும். என் தவறும் யார் கண்ணுக்கும் படாமல் அதற்குள்ளேயே போய்விடும். ஒரு நிமிடம் கை பேனாவைத் தேடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, என் மீது நானே அறிக்கை எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பினேன். கோப்பை என்னிடமிருந்து எடுத்து வேறோர் அதிகாரியான அம்மையாரிடம் கொடுத்தார்கள்.

என்னை விசாரிக்க ஒரு மேலதிகாரி வந்தார். முன்னறிவிப்பு உண்டு, துணைக்கு ஒரு நண்பரை அழைத்து வரலாம் என்றும் எழுதியிருந்தது. அழைத்து வர இந்த மலையில் யாரும் இல்லாததால் தனியாகப் போய் உட்கார்ந்தேன். ஏன் ஏறினீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தார். நான் உடனே பேசிவிட்டேன். பேச ஆள் இல்லை ஐயா, அதனால் ஏறினேன் என்றேன். அவர் அதை அப்படியே எழுதி, அப்படியே வாசித்துக் காட்டினார். அடுத்தவர் குரலில் கேட்க வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த வேலையில இது எல்லாருக்கும் உள்ளதுதான், ஆனா நீங்க அதை எழுத்துல குடுத்துட்டீங்க."

முடிவைக் கேட்கக் கூடாது

விலகிய விசாரணையின் முடிவை விசாரிக்கக் கூடாது, புகார்தாரரோடு பேசவும் கூடாது. மூன்று மாதம் கழித்து ஞாயிறு சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே சரோஜா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, முட்டைக்கோஸைப் புரட்டிக்கொண்டே கடைக்காரியிடம் பேசுவதுபோல் பேசினார். கடைக்காரி சீனப் பெண், அவருக்குத் தமிழ் தெரியாது. "புதுசா வந்த அம்மா மழையில நடந்தேதான் வந்தாங்க. சார்ஜனும் ஒத்துக்கிட்டாராம், நான் மூணு நாளும் போனேன்னு."

போலீஸ்காரரை எப்படி விசாரிப்பது என்று பக்கம் பக்கமாக விதி எழுதியவர்கள், விசாரித்து முடித்தவன் முட்டைக்கோஸோடு யார் வீட்டுக்குப் போவது என்று மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.