ஏழாம் இடம் வந்த வாரம்

அந்தக் கிடங்கில் அவளை எல்லோரும் 'ரிட்டர்ன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வேண்டுமென்றால் சம்பளப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். பாட்டு சிடிக்களைக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி அது. முன்வாசல் வழியாகப் புதுச் சரக்கு போகும், விற்காத சரக்கு பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். அக்காவுக்குப் பின்வாசல். அப்பா இறந்த வருஷம், பத்தொன்பது வயதில் வந்து உட்கார்ந்தவள். அப்போது தம்பிக்கு ஏழு வயது. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது, நாற்காலி மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரும்பி வந்த பெட்டியைத் திறக்க வேண்டும். மேலுறை பிரிக்காத சிடி ஒரு பக்கம், பிரித்தது ஒரு பக்கம். பிரித்ததைக் கம்பெனி எடுத்துக்கொள்ளாது, கடைக்காரர் தலையிலேயே கட்டிவிடும். பிரிக்காததை எண்ணிச் சீட்டில் எழுதி, நொறுக்குகிற மிஷினுக்குத் தள்ள வேண்டும். எண்ணாமல் ஒரு தகடுகூட மிஷினுக்குள் போகக் கூடாது. இதில் அக்கா மகா கறார்.

"மழை பெஞ்சா இந்த அம்மா தூறலைக்கூட எண்ணித்தான் கீழ விடும்" என்பார் மிஷின்காரர். அவருக்குக் காது பாதி மந்தம், வாய் முழுசாக வேலை செய்யும்.

பாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாளே, வீட்டில் எந்நேரமும் கச்சேரியாக இருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா தின்கிறான்? பகல் முழுக்கத் தகடு நொறுங்குகிற சத்தத்தைக் கேட்ட காது, வீட்டுக்கு வந்தால் மௌனத்தைத்தான் கேட்கும். தம்பி வாங்கிக் கொடுத்த சிடி ப்ளேயர் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. மேலே டார்ச்சும் மாத்திரை டப்பாவும்.

இத்தனைக்கும் தம்பி பாடகன். சாதாரணப் பாடகன் இல்லை, ராக் பாடகன். ஐந்து பேர் கொண்ட குழுவில் பதினோரு வருஷம் பாடினான். கத்தினான் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். 'தொண்டை' என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். குழு ஊர் ஊராகப் போனது, சம்பாதித்தது, சண்டை போட்டது. ஒருநாள் அவனுக்கு, தன் பாட்டைத் தான் மட்டுமே பாட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆகிவிடப் போகிறது என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். அவன் சிரித்தான். கிடார் வாசிக்கிறவர் மட்டும் பெரிய மனசோடு, "மாசக் கடைசி வரைக்கும் உன் இடம் அப்படியே இருக்கும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

தனி ஆல்பம் வெளிவந்தது. முதல் பிரதியைத் தம்பி நேரே அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான். தடிமனான கறுப்புப் பேனாவால், பளபளவென்றிருந்த மேலுறை மீதே 'என் அக்காவுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அக்கா அதைக் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் நிறுத்தி வைத்தாள். உறையைப் பிரித்தால் கையெழுத்து போய்விடுமே.

முதல் வாரம் போனது. அனுப்பிய இரண்டாயிரமும் கடைகளில் அசையாமல் கிடக்கிறது என்று முன்வாசலில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்திரிகையில் வாராவாரம் வருகிற 'முதல் பத்து' பட்டியலுக்கு நாட்டிலுள்ள கடையை எல்லாம் எண்ணுவதில்லை. பதினோரு கடை, அவ்வளவுதான். எந்தப் பதினோரு கடை என்பது ஊருக்குத் தெரியாது. அந்தக் கடைகளின் பெட்டியில் மட்டும் ஒட்டுகிற பச்சைச் சீட்டைப் பார்த்துப் பார்த்தே அக்காவுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டாள். பல் கட்டச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டாள். பதினோரு கடைக்கும் பஸ்ஸில் ஏறி இறங்கினாள். ஒரு கடையில் காலையில் இரண்டு, சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று. ஒரு கடைக்காரர், "யாரும்மா இந்தப் பாடகர்? காலையிலேர்ந்து ஆளாளுக்கு வந்து கேக்கறாங்களே!" என்று அதிசயப்பட்டார். அந்த ஆளாளும் அக்காதான். கேட்டீர்களா கூத்தை! மொத்தம் ஐம்பத்தேழு. கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்தாள்.

அந்த வாரம் பெரிய ஆட்கள் யாரும் ஆல்பம் விடவில்லை. பட்டியலில் தம்பிக்கு ஏழாம் இடம். கம்பெனி மேனேஜர் போன் போட்டு, "பதினோரு கடையில எண்பத்து நாலு போயிருக்கு, பிடிச்சுட்டீங்க சார்!" என்றார். தம்பி அன்றைக்கே கிடார்காரருக்குப் பதில் சொல்லிவிட்டான். என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அது இதுதான். அவன் போனில் சொன்ன செய்தியைக் கேட்டு அக்கா, "சந்தோஷம்டா" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம்.

எட்டாவது வாரம் பெட்டிகள் பின்வாசலுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் தம்பியின் முகம், பக்கவாட்டில் வெளிச்சம் விழ, வாயைத் திறந்தபடி. அக்கா பெட்டியைத் திறந்தாள், எண்ணினாள், எழுதினாள், தள்ளினாள். அழுகை வரும் என்று நினைத்துக் கைக்குட்டை வைத்திருந்தாள். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. அன்றைக்கு மிஷின்காரர்கூட ஜோக் அடிக்கவில்லை.

குழுவில் புதுப் பாடகன் வந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். தம்பி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டு முன்னறைக்கு வந்தான். சத்தத்தை நிறுத்திவிட்டு டீவி பார்ப்பான். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் அந்த ஏழாம் இடத்துப் பட்டியலைக் கத்தரித்து டேப் போட்டு ஒட்டியிருந்தான். சவரம் செய்யும்போது அதைப் பார்ப்பான்.

"எண்பத்து நாலு பேர், அக்கா" என்பான் திடீரென்று. "யாருன்னே தெரியாது. வேலையை விட்டுட்டு, பஸ் ஏறி, கடைக்குப் போய், என் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்காங்க. எங்கேயோ ஒரு வீட்டுல ஓடிட்டிருக்கும் இல்ல?"

"ஓடும்டா, ஓடாம என்ன" என்பாள் அக்கா. அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த எண்பத்து நாலு பேர்தான். அதில் ஐம்பத்தேழு பேர் அவன் படுத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் தம்பி முன்னறையைப் பெருக்கி வைத்திருந்தான். "சும்மாதானே இருக்கேன், நாளைக்கு உன் ரூமையும் பெருக்கிடறேன்" என்றான். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? தெருக் குப்பையில் போட்டால் குப்பை எடுக்கிறவரே, "உங்க தம்பி படமாச்சே" என்று வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தச் சனியனை எல்லாம் பீரோவில் துணிக்குள் திணித்துப் பூட்டினாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பைக்குள் ஐந்தாறாகக் கிடங்குக்கு எடுத்துப் போனாள். வாசலில் வெளியே போகிற பையைத்தான் சோதிப்பார்கள். எந்தத் திருடன் உள்ளே கொண்டுவருவான்? பத்து நாளில் ஐம்பத்தேழும் மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தன.

ஆனால் இருபத்தாறு வருஷக் கை சும்மா இருக்குமா? எண்ணாமல் ஒரு தகடுகூட மிஷினுக்குள் போகக் கூடாதே! அவற்றையும் எண்ணினாள். எண்ணியதைச் சீட்டிலும் எழுதினாள். எழுதியது அவளுக்கே உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து வந்தாள். தம்பி சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பெனியிலிருந்து வந்த கடைசிக் கணக்கு.

"அக்கா, இங்க வா. ஒண்ணு புரியல. அனுப்பினது ரெண்டாயிரம். திரும்பினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொம்பது. அப்ப வித்தது நாப்பத்தொண்ணு."

"ம்."

"அந்த ஒரு வாரத்துலயே எண்பத்து நாலு போச்சே?"

அக்கா பையைக் கீழே வைத்தாள். சீட்டு, பேனா, தன் கையெழுத்து எல்லாம் அப்போதுதான் கண்முன் வந்தன.

"அப்ப வாங்கினவங்களே திருப்பிக் கொடுத்திருக்காங்க" என்றான் அவனே. "குறைஞ்சது நாப்பத்து மூணு பேர். நீதானே எண்ணறே, பிரிச்சதை நீங்க எடுத்துக்க மாட்டீங்க இல்ல?"

"மாட்டோம்."

"அப்ப கேட்டுட்டுப் பிடிக்காம கொடுக்கல. பிரிக்கவே இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய் மூஞ்சியைப் பாத்துட்டுத் திருப்பிட்டாங்க."

குரலை உயர்த்தவே இல்லை. கத்தித் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் எழுந்து போய்க் கண்ணாடியில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். சும்மா இருந்தால், நாற்பத்து மூன்று பேர் அவன் முகத்தில் விட்டெறிந்ததாகவே இருக்கும். வாயைத் திறந்தால், ஐம்பத்தேழு பேர் இந்த உலகத்திலேயே இல்லை என்றாகிவிடும். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன?

"யாரும் திருப்பிக் கொடுக்கலடா. நான்தான் வாங்கினேன். ஐம்பத்தேழு. நான்தான் எடுத்துட்டுப் போய் மிஷின்ல போட்டேன்."

நகம் நின்றது.

"பதினோரு கடையிலயுமா?"

"ஆமாம்."

"அந்த லிஸ்டைப் பாத்துத்தான் நான் குழுவுக்கு வரலைன்னு சொன்னேன்."

"தெரியும்டா."

அவன் பாதி உரிந்த பட்டியலை அப்படியே விட்டுவிட்டு வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடி அலமாரியைப் பார்த்தான். நடுத்தட்டில், மேலுறையின் பளபளப்பு மங்காமல், அவன் எழுதிக் கொடுத்த பிரதி நின்றிருந்தது.

"இங்க வந்த அன்னிக்கே அதைப் பாத்தேன்க்கா" என்றான். "பிரிக்காம இருந்துச்சு. கையெழுத்து போயிடும்னு வெச்சிருக்க, கேக்கறதுக்கு வேற ஒண்ணு வாங்கியிருப்பன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா ஐம்பத்தேழு வாங்கியிருந்தாள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.