கண்ணாடியோரத்து சீட்

பேருந்துப் பணிமனையில் அவரை 'டூகலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வருடக்கணக்காக, தூசிக்குக் கண்ணாடியை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டி ஓட்டியதில் வலது கையும் வலது கன்னமும் கருத்துப்போய், இடது பக்கம் வேறு யாருடையதோ போலிருக்கும். "இந்தப் பக்கம் பொண்டாட்டிக்கு, அந்தப் பக்கம் கம்பெனிக்கு" என்று சிரிப்பார். வலது கன்னத்தில் கடுகளவு புண் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. சவரம் செய்யும்போதெல்லாம் ரத்தம் கசிந்தது, ஆறவே இல்லை.

மனைவி விடவில்லை. "பிளேடு பட்டுச்சுன்னு எத்தனை நாள்தான் கதை விடுவீங்க? கிளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எலும்பெல்லாம் வலிக்கிறது என்பதையும் மனைவி போட்டுக்கொடுத்ததால் ரத்தமும் எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போனதோ! திரையை இழுத்து மூடிக்கொண்டு இருட்டறையில் கிடந்தார். மகள் அவருடைய பேருந்தில்தான் பள்ளிக்குப் போவாள்; அவருக்கு நேர் பின்னால் உள்ள சீட்டு, அதே ஜன்னலோரம். "கண்ணாடிய மூடிக்கோ, தூசி வராது. வெயில் பட்டா எலும்புக்கு நல்லது" என்று அவரே பிடித்துவைத்த இடம். "எப்பப்பா வண்டிக்கு வருவ?" என்று அவள் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

டாக்டரம்மா முடிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புற்றுதான். பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. வெட்டி எடுத்துட்டா சரியாயிடும்." மனைவிக்கு மூச்சு வந்தது. "ஆனா வைட்டமின் டி ரொம்பக் கம்மி. எலும்பு வலி அதனாலதான்."

"அதெப்படி டாக்டர்? நாள் முழுக்க வெயில்லதானே கிடக்கேன்?"

"கண்ணாடிக்குப் பின்னாடிதானே? ஜன்னல் கண்ணாடி வழியா தோலைக் கெடுக்கிற கதிர் வந்துடும், எலும்புக்கு உதவுறது வராது. தினம் கொஞ்ச நேரம் வெளியில நடங்க. அதுக்கு மேல வெயில்ல நிக்கணும்னா தொப்பி, முழுக்கை சட்டை, கிரீம்."

அவர் முகம் வெளிறியது, இரண்டு பக்கமும்.

"எப்ப வெட்டணும்னு கேளுங்க" என்று மனைவி இடித்தாள். அவர் காதில் எதுவும் விழவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, பஸ் ஏறிட்டியா? அந்த சீட்ல உட்காராத. வெயில் விழாத பக்கமா போயிடு."

"ஏம்பா? அது நீ எனக்குன்னு வச்ச சீட்டுல்ல?"

"ஆமாம்மா" என்றார். "நான்தான் வச்சேன்."