தண்ணீர் போன வழி

என் கணவரும் நானும் பழைய மினி லாரியில் கடியப்பட்டணத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிறோம். சில வாரமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. அவர் ஹோஸை மாற்றினார், டீசல் ஃபில்டரை மாற்றினார். இரண்டு கோளாறும் சரியாகவில்லை.

"பழைய வண்டியில்லியா ஏட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று தண்ணீர் கேனோடு கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் திருவட்டாறு பக்கம் ஏற்றத்தில் இன்ஜின் சூடாகி நின்றது. மீனுக்குப் போட்ட ஐஸ் உருகுகிறதே என்ற பதற்றத்தில் அவர் ரேடியேட்டர் மூடியைத் திருகினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்த நொடியில் கொதிநீர் பீறிட்டது. முகம் தப்பியது, முழங்கை வெந்துபோனது.

வந்த மெக்கானிக், வண்டி ஆறியபின் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டார். ரேடியேட்டரில் குமிழி கிளம்பியது, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது.

"இன்ஜின் மூடிக்கு அடியில வைக்கிற ஹெட் கேஸ்கெட் தகடு போயிருக்கு. தண்ணி இன்ஜினுக்குள்ள கசிஞ்சு புகையா வெளிய போவுது."

இரண்டு கோளாறு என்று நாங்கள் நினைத்தது ஒன்றுதான். கேஸ்கெட்டை மாற்றினோம்.

இப்போது தண்ணீர் குறைந்தால், காரணம் தெரியாமல் வண்டியை எடுப்பதில்லை. வழியில் சூடானால் இருவரும் இறங்கி, வண்டியை விட்டு விலகி உட்கார்ந்துவிடுகிறோம்.

"ஆறியிருக்குமா?" என்று கேட்பார்.

"இன்னும் கொஞ்சம் இருங்க" என்பேன்.