கால்சியம் டப்பா

ஹாம்பர்க்கில் மருந்துக்கடையை அப்போதேக்கே என்பார்கள். அங்கே கவுண்டரில் நிற்கும் பெண்மணி என் மாத்திரையின் பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில், பார்க்காத மாதிரி நடிக்கிறார்கள், நான் போனதும் பேசிக்கொள்வார்கள் என்றே நம்பினேன். சந்தேகம்தான் என் நோய். யாரோ பின்னால் வருகிறார்கள், யாரோ சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று மனம் தன்பாட்டுக்குக் கதை கட்டும். மாத்திரை போட்டால் அடங்கும். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும்.

மைசூரில் அம்மா இதைத் தெருமுனைக் கடையில் வாங்க மாட்டாள். ஆட்டோ பிடித்து தேவராஜ மொஹல்லா வரை போய், முகம் தெரியாத கடையில் வாங்கி, காய்கறிக்கு அடியில் மறைத்து எடுத்து வருவாள். அப்பா கொள்ளேகாலத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தபோது பின்னாலேயே சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள்; எங்கள் தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கஷாயம் வைப்பார்கள். இந்த வருடம் தம்பி கல்யாணத்துக்குப் போன நான் கூடுதலாகத் தங்கி, கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிட்டதால், திரும்பும்போது எடுத்துப்போக வேண்டிய மாத்திரையையும் அம்மாவே வாங்கினாள். "இன்னும் எத்தனை காலத்துக்குக் கண்ணு இதைத் தின்னுவ?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கினாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் வெளிநாடு போகிறவர் தன் பெட்டியைத் தானே அடுக்குவது கிடையாது. கூடத்தில் பெட்டியைத் திறந்து போட்டால் அத்தையும் சித்தியும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "ஏன் புள்ள, அந்த ஊர்ல புளி சிக்காதா?" என்றபடி அத்தை ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டினாள். அன்பா வேவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கிளம்பும்போது அம்மா காதோடு சொன்னாள்: "அட்டையெல்லாம் பிரிச்சுக் கால்சியம் டப்பால கொட்டிட்டேன். யாருக்கும் தெரியாது."

ஹாம்பர்க் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த டப்பாவைத்தான் முதலில் எடுத்தார்.

"கால்சியமா?"

"ஆமாம்," என்றேன். வாய்ப் பழக்கம்.

மூடியைத் திறந்தார். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு வகை மாத்திரை. "பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?"

"இல்லை. குடும்பம் அடுக்கியது."

அவர் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்க வேண்டும். ஏனென்றால் எனக்குள் வேறொரு கேள்வி எழுந்துவிட்டது. அம்மா உள்ளே மாத்திரையையே மாற்றியிருந்தால்? நான் இதிலிருந்து விடுபட வேண்டுமென்று சத்து மாத்திரையை நிரப்பி அனுப்பியிருந்தால்? பெற்ற தாயைச் சந்தேகிப்பது நோயா, அம்மாவைத் தெரிந்து வைத்திருப்பதா? இந்த இடத்தில் என் புத்தியை நானே நம்ப முடியாது. பயந்துவிட்டேன்.

"எனக்கு மனநோய். இது அதற்கான மருந்து. அம்மா ஒளித்து வைத்தாள்," என்றேன்.

"போலீஸிடமிருந்தா?"

"அத்தையிடமிருந்து."

"அத்தை இதைத் திருடுவாரா?"

"திருட மாட்டார். பார்ப்பார்."

அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கைப்பையைத் தேடினேன். அம்மா வாங்கியதிலிருந்து வழியில் போட்டுக்கொள்ள நானே எடுத்து வைத்திருந்த, பாதி தீர்ந்த அட்டைகள் கிடைத்தன. அவர் டப்பாவிலிருந்து ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, அட்டையோடு வைத்து, நிறம், அளவு, நடுக்கோடு என்று நிதானமாகப் பார்த்தார். "இரண்டும் அதேதான்," என்றார். என் மருத்துவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை அட்டையோடு கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். அழுகை வந்தது. இதையே அம்மா சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சீருடை போட்ட யாரோ ஒருவர் சொன்னதும் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள்.

"யாரும் பாக்கலம்மா."

"அப்பாடா. இரு, அத்தை பேசணுமாம்."

திரை முழுக்க அத்தை முகம் வந்தது. மாத்திரை போடும் நேரம் ஆகியிருந்தது. நான் தனியாக வாழும் வீடு இது. யாரும் கதவைத் தட்டுவதுகூட இல்லை. இருந்தும், தண்ணீர் குடிப்பது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்குள் மறைத்து வைத்து விழுங்கினேன்.