பயண நாளில் போடாத மாத்திரை

போன மாதம் என் அக்கா இறந்துபோனாள். இவன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று நம்பி இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் இந்த வாரம் மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். போன வருஷம் பந்தலுக்குக் கீழே குலை வெட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் வலி. நாளெல்லாம் அண்ணாந்து நின்ற வலி என்று தைலம் தேய்த்துப் படுத்துவிட்டாள். மறுநாள்தான் தேனிக்குக் கொண்டுபோனோம். பார்த்தால்... ஹார்ட் அட்டாக்!

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உயிர் தப்பிச்சிருச்சு. ஆனா ரொம்ப நாள் சுகர், வந்ததும் லேட்டு, இதயத்தோட பம்பிங்கும் குறைஞ்சுபோச்சு. இப்படி இருக்கவங்களுக்குத்தான் பின்னாடி சிக்கல் வரும். நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மாத்திரைய மட்டும் விடவே கூடாது.”

விடவில்லை... அப்படித்தான் நம்பினோம். உப்பைக் குறைத்தாள். ஊறுகாய், கருவாடு எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாள். ஆனால் செக்கப்புக்குப் போகிறபோதெல்லாம் கால் வீங்கியிருக்கும்.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?”

“போடுறேன் சார்.”

டாக்டர், உடம்பில் கோக்கிற நீரை இறக்கும் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். வேறு என்ன செய்வார், பாவம்?

முகூர்த்த சீசன் வந்தது. கம்பம், சின்னமனூர், தேனி என்று வரிசையாகச் சொந்தக்காரர்களின் கல்யாணம். ஒன்றையும் விடமாட்டாள் அக்கா. கடைசிக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஐ.சி.யு.வில் டாக்டர் மறுபடியும் கேட்டார், மாத்திரையை நிறுத்தினீர்களா என்று. இல்லை என்று தலையாட்டினாள். அவர் நகர்ந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒதுக்கினாள்.

“பஸ் ஏறி வெளிய போற அன்னைக்கு நீர் மாத்திரைய மட்டும் போடமாட்டேன் தம்பி.”

“ஏன்க்கா?”

“போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்ல முடியுமா? மண்டபத்துல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அங்கனயும் வாசல்ல ஆம்பளைக நிக்கிறாக. நான் எங்க போறது?”

“டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அம்புட்டுப் பேரு இருக்கயில கேக்குறாக. பக்கத்துல நீ வேற நிக்கிற. என்னன்னுடா சொல்லுவேன்?”

செக்கப்புக்குப் போகிற நாளிலும் போடமாட்டாளாம். அதுவும் பஸ் பயணம்தானே! பாவம் டாக்டர்... அவர் பார்த்ததெல்லாம் மாத்திரை போடாத அக்காவை மட்டும்தான்.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். “வெளியூர் போற அன்னைக்கு, வீட்டுக்கு வந்தப்புறம் போட்டுக்கங்கன்னு நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பேனே” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அந்தப் புது நேரத்தில் ஒரு மாத்திரைகூடப் போடாமலே அக்கா போய்விட்டாள். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாரடைப்புக்குப் பிறகு யாருக்கு ஆபத்து அதிகம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார் — சுகர், பி.பி., சிகரெட், தாமதமாக வந்தவர்கள், மாத்திரையை நிறுத்தியவர்கள். சரி, போகிற வழியில் ஒதுங்க இடமில்லாத பெண்களை எதில் சேர்ப்பது?

உங்கள் வீட்டிலும் நீர் மாத்திரை போடுகிற அம்மாவோ அத்தையோ இருந்தால், பயண நாளிலும் போடுகிறார்களா என்று கேளுங்கள். ஆண்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள். வீட்டுப் பெண்களை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். போன வாரம் மார்க்கையன்கோட்டையிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நல்ல வெயில். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது அவர்களுக்கு. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். ஒருத்திகூட வாங்கவில்லை.

“வேணாம் தம்பி... நாங்க பஸ்ல திரும்பணும்ல.”