வெளிப்பக்கத்துக் கீறல்கள்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கும் வெயிலில், எனக்கு உடம்பு சில்லிட்டது. காய்ச்சல் எல்லாம் இல்லை. ஒரு ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்!

நண்பர் ஜாபர் பாய் கீழக்கரைக்காரர். இங்கே வளைகுடாவில், ருவைஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மனைவி விசிட் விசாவில் வருகிறார் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய சாமான் யார்டில் ஒரு கேரவனை வாங்கிவிட்டார். காரில் கட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. அதற்குக் கிட்டத்தட்ட எங்கள் வயசு! கடலோரம் நிறுத்தி, மனைவியோடு டீ குடிக்க வேண்டுமாம்...

உள்ளே பரவாயில்லை. ஜன்னல்கள்தான் மோசம். வெளிப்பக்க ரப்பர் கருவாடாகக் காய்ந்திருந்தது. அலுமினிய ஃபிரேம் மேல் யாரோ பெயிண்டை அப்பியிருந்தார்கள்.

"சுரண்டிட்டுப் புது ரப்பர் போட்டா முடிஞ்சுது சார். யல்லா!" என்றார் பாய். நான் பிளான்ட்டில் மெயின்டெனன்ஸ் ஆள். லீவு நாளிலும் கை சும்மா இருக்குமா?

முதல் ஜன்னலில் பெயிண்ட் உரிந்தது. அடியில் பட்டி பூசியிருந்தது. அதையும் சுரண்டினால், அலுமினியத்தில் கீறல்கள். என் தோள் உயரத்தில், சாவி மாதிரி எதையோ விட்டு நெம்பிய தடம். திருட்டுப் பயல் என்று சிரித்துக்கொண்டோம்.

அடுத்த ஜன்னலிலும் கீறல், கொஞ்சம் கீழே. அதற்கடுத்ததில் ஃபிரேமின் அடி விளிம்பில் மட்டும். எங்கள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கடைசி ஜன்னலின் ஃபிரேம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், தகரத்தில் ஒரு பெயிண்ட் திட்டு. சுரண்டினேன். அங்கேயும் கீறல்கள் — ஒன்றன்மேல் ஒன்றாக.

பாய் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தார். முதுகைக் கேரவனில் சாய்த்து, கையைப் பின்னால் நீட்டினார். விரல் சரியாக அந்த இடத்தில் பட்டது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"திருடன் இல்ல சார்... நிக்க முடியாத ஆளு."

யார்டுக்காரருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். லிவா பாலைவனப் பக்கம் மணலில் ரொம்ப நாள் கேட்பாரற்றுக் கிடந்த வண்டியாம். சுற்றிலும் ஒரு குடிசைகூட இல்லையாம். மிச்சத்தை நாங்களே கூட்டிப் பார்த்தோம்: கோடையில் அங்கே வழி தவறிய ஒருவர், நிழலுக்கும் தண்ணீருக்கும் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடி தடித்த பிளாஸ்டிக், உடைக்கவும் முடியாது. பிறகு வேறு யாரோ அந்தத் தடங்களைப் பார்த்து, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு எப்படித்தான் பூச மனசு வந்ததோ!

"கதவப் பூட்டிட்டா போயிருந்தாங்க?" என்று பாய் ஹிந்தியில் கேட்டார்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "லாக் மாஃபி, பாய்!"

பூட்டே கிடையாதாம், என்றைக்குமே. கதவு கொஞ்சம் இறுக்கம். லேசாகத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். தெரியாதவர்கள் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம். அங்கே யாராவது கிடந்தார்களா என்று கேட்டதற்கு, தெரியாது என்று போனை வைத்துவிட்டார்.

"எப்படியும் தெறந்திருப்பாருல்ல சார்?"

"கண்டிப்பா பாய்" என்றேன். வேறென்ன சொல்ல?

புது ரப்பர் போட்டோம். ஜன்னல்கள் பளபளத்தன. எங்கள் இருவருக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாய் ஒரு போர்டு எழுதிக் கதவில் மாட்டினார்: 'பூட்டு இல்லை. தூக்கி இழுக்கவும்.' தமிழ், ஹிந்தி, அரபி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... "படிக்கத் தெரியாத ஆளா இருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பிக் கதவுக்குப் போனார். போர்டைக் கழற்றினார்.

கேரவன் இப்போது கடலோரம் நிற்கிறது. உள்ளே தண்ணீர்க் கேன்கள். கதவு விரியத் திறந்து, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மெத்தையெல்லாம் மணல். அடுத்த வாரம் மனைவி வந்து பார்த்தால் சத்தம் போடுவார்.

போடட்டும்!